லோ ஆங்கிள் என்று நினைத்தோம்

ஞாயிற்றுக்கிழமைகளில் கேமரா பைத்தியங்கள் சிலரைக் கூட்டிக்கொண்டு ஊர் சுற்றுவது என் வழக்கம். அன்று பழவேற்காட்டில் டச்சுக் கல்லறைகளைப் படமெடுத்துவிட்டு ஏரிக்குப் போனோம். முழங்கால் தண்ணீரில் உட்கார்ந்தபடி கன்னியம்மா என்ற பெண் கைகளால் துழாவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார். பிடித்ததைப் போட ஓர் ஓலைக்கூடையைப் பல்லில் கடித்திருந்தார். படமெடுக்கலாமா என்று கேட்டதற்கு, பேச முடியாமல் தலையை மட்டும் ஆட்டினார். எல்லோரும் தண்ணீரில் இறங்கினோம்.

கூடை முழுதாக ஃபிரேமில் வரவேண்டுமென்று எங்கள் சபாபதி சார் பின்பக்கமாகவே நடந்தார். திடீரென்று கழுத்துவரை இறங்கிவிட்டார். கேமரா மட்டும் தலைக்கு மேலே நின்றது.

"ஆஹா, லோ ஆங்கிள்! மனுஷர் என்னமா மெனக்கெடுறார் பாருங்க" என்று முதலில் சொன்னதே நான்தான். மற்றவர்கள் அவரைப் படமெடுக்க ஆரம்பித்தார்கள்.

கன்னியம்மா வாயைத் திறந்தார். கூடை தண்ணீரில் விழுந்தது.

"இன்னாம்மா வேடிக்க பாத்துனுகீறீங்க? பள்ளத்துல பூட்டாரு, முழுகுறாரு!"

கத்திக்கொண்டே பாய்ந்து, சட்டையைப் பிடித்து அவரை இழுத்துப் போட்டார். சார் இருமி முடித்ததும் கேட்ட முதல் கேள்வி, "கேமரா நனையலையே?" கூடையிலிருந்த இறாலெல்லாம் ஏரிக்கே திரும்பிவிட்டது.

இப்போது ஒவ்வொரு பயணத்திலும் ஒருவர் கேமரா இல்லாமல் வருகிறார். மற்றவர்கள் மேல் கண் வைத்திருப்பதுதான் அவர் வேலை. போன தடவை மறுபடியும் பழவேற்காடு, என் முறை. வெறுங்கையோடு நின்ற நான், இன்று எல்லோருக்கும் காவல் நான்தான் என்றதும் கன்னியம்மா வாயிலிருந்து கூடையை எடுத்துவிட்டுச் சிரித்தார்.

"அப்பாடா! இன்னிக்கு என் இறாலு எனக்குத்தான்!"