குடும்பப் பையன்

சிப்காட்டில் வேலை பார்க்கும் என் மகளை டிவி பாட்டுப் போட்டிக்கு எடுத்திருந்தார்கள். போன ஞாயிற்றுக்கிழமை ஆரம்பாக்கத்து வீட்டில் நான், மனைவி, மகள் மூன்று பேரும் அந்தப் போட்டியைப் பார்த்தோம்.

ஒருவன் சட்டைப் பட்டனை அவிழ்த்துவிட்டு, இடுப்பை ஆட்டி ஆட்டிப் பாடினான். நான் விசில் அடித்தேன். அடுத்து வந்த பெண்ணும் அதே மாதிரி ஆடிக்கொண்டே பாடினாள்.

“ச்சீ, குடும்பப் பொண்ணு பண்ற வேலையா இது?” என்றேன்.

மகள் திரும்பினாள். “அப்ப அவன் இன்னா, குடும்பப் பையனா நைனா?”

அப்படி ஒரு வார்த்தையை நான் கேட்டதே இல்லை.

“இன்னாயா, விசிலு அடிச்ச வாயி மூடிக்கிச்சி?” என்று மனைவி சிரித்தாள்.

மகள் சிரிக்கவில்லை. “அடுத்த வாரம் நான் அங்க நிப்பேன். உன்ன மாதிரி எத்தினி நைனா ஊட்ல குந்திக்கினு ச்சீன்னுவாங்க?”

என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சேனலை மாற்ற ரிமோட்டை எடுத்தேன்.

“வை. அந்தப் பொண்ணு நல்லா பாடுது” என்றாள்.

தலையைக் குனிந்துகொண்டு கேட்டேன். நன்றாகத்தான் பாடினாள். அதுவரை அவள் குரல் என் காதில் விழவே இல்லை.