பெரியப்பாவுக்கு ஒரு தனி கேமரா

தங்கை கல்யாணத்துக்குப் படம் பிடிப்பதைப் பேசி முடிக்க, இன்று அப்பாவும் நானும் செக்காலை ரோட்டில் ஒரு ஸ்டுடியோவுக்குப் போனோம்.

செலவைக் குறைக்க அப்பா முதலில் ட்ரோனை வெட்டினார். அடுத்து, பெரியப்பாவை மட்டும் எடுக்கத் தனியாக ஒரு கேமராமேன் கேட்டார்.

வந்திருந்தும் என் கல்யாண ஆல்பத்தில் பெரியப்பா இல்லை. அந்தக் கோபத்தில் நான்கு வருடமாக எங்களோடு பேச்சும் இல்லை.

ஸ்டுடியோக்காரர் அசரவில்லை. "அவுக ஒருத்தர்தானா? கோவிச்சுக்கிற ஆளுக வேற இருந்தா இப்பவே சொல்லிப்புடுங்கய்யா."

அப்பா பேனா வாங்கி எழுதினார். பதினேழு பேர்.

ஸ்டுடியோக்காரர் பட்டியலைப் படித்துவிட்டுச் சொன்னார்: "இதுக்கு ட்ரோனே மலிவு. மேல இருந்து எடுத்தா ஒருத்தரும் விட்டுப்போக மாட்டாக."

ட்ரோனுக்கு முன்பணம் கொடுத்தாயிற்று.

முகம் தெரிய, அது பறக்கும்போது பெரியப்பா அண்ணாந்து பார்க்க வேண்டும். பேச்சில்லாத வீட்டுக்குப் போய் அதை யார் சொல்வது?