பத்தாவது கையெழுத்து

பெரிய கட்சிக்காரர் தேர்தலில் நிற்பதற்கு அந்தத் தொகுதியில் ஒரே ஒருவர் முன்மொழிந்தால் போதும். சின்னக் கட்சிக்காரருக்குப் பத்துப் பேர் கையெழுத்துப் போட வேண்டும். ஐம்பது வயது வரை இந்தச் சட்டம் எனக்குத் தெரியாது. தெரியாமலே இருந்திருக்கலாம் என்று இப்போது அடிக்கடி தோன்றுகிறது.

ஆட்டையாம்பட்டிக்குத் தெற்கே, ஓடையை ஒட்டி எங்கள் தோட்டம். ஓடையில் மேலே எங்கிருந்தோ சாயக்கழிவு வருகிறது. எந்தப் பட்டறையிலிருந்து என்று கேட்டால் எல்லோரும் கையை வேறு பக்கம் காட்டுவார்கள். முதலில் கிணற்றுத் தண்ணீர் கடுத்தது. பிறகு பருப்பு வேகவில்லை. பிறகு தென்னையில் குரும்பை கொட்டியது, எருமை சினை நிற்கவில்லை. கிணற்றை எட்டிப் பார்ப்பதையே விட்டுவிட்டோம். பஞ்சாயத்துக் குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும் ஆற்றுத் தண்ணீரை நம்பித்தான் வீடும் மாடும் இருந்தன.

அந்தச் சமயத்தில்தான், நாங்கள் எல்லோரும் அக்கா என்று கூப்பிடுகிறவர் வந்தார். சேலத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் ரத்தமும் சிறுநீரும் பரிசோதிக்கிற வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கத்தோலிக்கக் குடும்பம், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஸ்கூட்டரை மகா மோசமாக ஓட்டுவார். பை நிறைய பாட்டில்களும் அடியில் ஒரு ஜெபமாலையும் இருக்கும். "முப்பது வருஷமா மனுஷங்க மூத்திரத்தப் பார்த்தாச்சும்மா. இனிமே பூமிக்கு என்ன நோவுன்னு பார்க்கலாம்னு கிளம்பிட்டேன்" என்று முதல் நாளே சொன்னார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது. அதிகாரம் செய்வார், போட்ட காப்பியைக் குறை சொல்வார், இருந்தாலும் பிடித்தது.

மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வந்து எங்கள் கிணற்றில் தண்ணீர் எடுப்பார். பாட்டிலில் ஒரு சீட்டு ஒட்டி, தேதி, யார் கிணறு, எவ்வளவு ஆழம் என்று எழுதி, என்னிடம் பேனாவை நீட்டுவார். ஒருமுறை, இது எதற்கு என்று கேட்டேன்.

"கையெழுத்து இல்லேன்னா இது வெறும் தண்ணிம்மா. கையெழுத்து இருந்தா சாட்சி."

நான் பத்தாவது வரை படித்தவள். கல்யாணத்துக்குப் பிறகு ரேஷன் கடையிலும் பேங்கிலும் தவிர என் கையெழுத்தை யாரும் கேட்டதில்லை. இவர் அதைச் சாட்சி என்று சொன்னபோது எனக்குப் பெருமையாக இருந்தது. பெயரின் கடைசி எழுத்தைச் சுழித்து அடியில் ஒரு கோடு இழுப்பேன். ஒவ்வொரு பாட்டிலிலும் அதை நிதானமாகப் போட்டேன்.

அக்கா ஒரு சின்னக் கட்சியில் இருந்தார். தண்ணீர், மரம், மண் என்று பேசுகிற கட்சி. கொடியைக் கட்டக்கூட ஆள் இல்லாத கட்சி. சட்டமன்றத் தேர்தல் வந்தபோது எங்கள் தொகுதியில் நிற்பதாகச் சொன்னார். மாட்டுக் கொட்டகை முன்னால் கட்டிலில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் சிரித்துவிட்டார்.

"ஏனுங்க அக்கா, எத்தன ஓட்டு வருமுங்க?"

"டெபாசிட் போயிரும். எனக்குத் தெரியாதா?" என்றார் அக்கா. "ரெண்டு யானை முட்டிக்கிற எடத்துல நான் என்னத்த ஜெயிக்கப் போறேன்? ஆனா பூத் வாரியா கணக்கு வெளிய வரும். ஓடையோரத்துப் பூத்துல இத்தன பேர் இந்தத் தண்ணி வேண்டாம்னாங்கன்னு கவர்மென்ட் பேப்பர்லயே இருக்கும். நாம கொடுத்த மனுவெல்லாம் குப்பைக்குப் போச்சு. இத யாரும் குப்பையில போட முடியாது."

சின்னமாகக் கிணறு கேட்கப் போவதாகவும் சொன்னார். "ஓட்டுப் போடறவங்களக் கெணத்துல விழச் சொல்றீங்களா?" என்று வீட்டுக்காரர் கேட்க, அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் அப்படிச் சிரித்ததை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

பத்துப் பேர் கிடைப்பது பெரும்பாடாகிவிட்டது. ஓடையோரம் முழுக்க வீடு வீடாக நானும் கூடப் போனேன். எல்லோரும் உட்கார வைத்து மோர் கொடுத்தார்கள். ஓட்டுப் போடுகிறோம் என்றார்கள், சிலர் உண்மையாகவே சொன்னார்கள். பேப்பரைக் காட்டியதும் பின்வாங்கினார்கள். பட்டனை அழுத்தினால் யாரென்று தெரியாது, கையெழுத்துப் போட்டால் பெயர் தெரிந்துவிடும் அல்லவா? எனக்கு அவர்கள் மேல் ஆத்திரமாக வந்தது. ஒரு வீட்டில் முகத்துக்கு நேராகவே, "உங்களுக்கெல்லாம் இந்தத் தண்ணியேதானுங்க சரி" என்று சொல்லிவிட்டு வந்தேன். ஒன்பது பேர் சேர்ந்தார்கள். பத்தாவதாக நான் போட்டேன். ஒருவர் விலகினாலும் மனு நிற்கும்படி பதினோராவது ஆள் ஒருவர் இருந்தால் நல்லது என்று தேடினோம், கிடைக்கவில்லை. மனுத்தாக்கல் தொடங்கிய முதல் நாளே அக்கா போய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

போன தேர்தலில் எங்கள் தொகுதியில் கொஞ்ச ஓட்டில்தான் ஒரு பெரிய கட்சி இன்னொன்றை ஜெயித்திருந்தது. அதனால் அக்கா வாங்கப்போகும் சொற்ப ஓட்டுக்கும் திடீரென்று மதிப்பு வந்துவிட்டது. ஒரு கட்சிக்காரர்கள் அவரைத் தேடி வந்து, நன்றாக நில்லுங்கள், வண்டி வேண்டுமானாலும் தருகிறோம் என்றார்கள். எதிராளியின் ஓட்டை ஓடையோரத்தில் இவர் பிரிப்பார் என்று கணக்கு. அக்கா அவர்களைக் கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்தித் திட்டி அனுப்பினார். அந்த எதிராளிக் கட்சியில்தான் என் வீட்டுக்காரரின் பெரியப்பா மகன் பொறுப்பில் இருந்தார். எங்கள் குழாய்க்குத் தண்ணீர் திறந்துவிடுகிற ஆள் அவர் சொல்கிறபடி கேட்பவர்.

அந்தப் பெரியப்பா மகன் ஒரு மத்தியானம் வந்தார். மரியாதையான மனிதர், சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. பிரசவத்துக்கு வந்திருந்த என் மகளுக்குக் குழந்தை பிறந்து இருபது நாள் ஆகியிருந்தது. பேத்தியைப் பார்த்தார், கையில் ஒரு நோட்டை வைத்தார். எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டே கேட்டார்.

"ஏனம்மிணி, தண்ணி ஒழுங்கா வருதுங்களா?"

"வருதுங்க" என்றேன்.

"வரட்டும், வரட்டும். கொழந்த இருக்கற ஊடு."

அடுத்த முறை தண்ணீர் வரவில்லை. அதற்கடுத்த முறையும் வரவில்லை. வீட்டுக்காரர் போய்க் கேட்டதற்கு மோட்டார் ரிப்பேர் என்று பதில். தெருவில் மற்ற குழாய்களில் குடம் நிறைகிற சத்தம் எனக்குக் கேட்டது. குடிக்கக் கேன் வாங்கினோம். மாட்டுக்கு எத்தனை கேன் வாங்குவது? கிணற்றுத் தண்ணீரை இறைத்து ஊற்றினோம், எருமைகள் முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டன. கன்றுக்குக் கழிச்சல் கண்டது. நான் இல்லாத நேரத்தில் மகள் அந்தத் தண்ணீரையே காயவைத்துக் குழந்தையைக் குளிப்பாட்டிவிட்டாள். சாயங்காலம் முதுகெல்லாம் சிவந்து தடித்து, குழந்தை கத்தித் தீர்த்தது. எனக்கு யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை. கிணற்றைக் கெடுத்தவன் யாரோ. ஆனால் அது கெட்டதால்தான் ஒரு குழாயைத் திருகி எங்களை மண்டியிட வைக்க முடிகிறது. இதை நான் அன்றைக்கே புரிந்துகொண்டேன். புரிந்தும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

மனு பரிசீலனைக்கு முந்தின நாள் பெரியப்பா மகன் மறுபடி வந்தார்.

"பெருசா ஒண்ணுமில்லீங்க அம்மிணி. நாளைக்கு ஆபீசுல கேப்பாங்க. என்னோட கையெழுத்தில்லீங்கன்னு ஒரே வார்த்தை. கார் அனுப்பறனுங்க."

என் வீட்டுக்காரர் என்னைப் போகச் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. கன்றைப் பார்க்கப் போய்விட்டார். அவர் மேல் பழி போட எனக்கு விருப்பமில்லை. காரில் ஏறியது நான்.

அந்த அறையில் தேர்தல் அலுவலர், இரண்டு பெரிய கட்சிகளின் வக்கீல்கள், வேட்பாளர்கள் என்று பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். அக்கா ஓரத்து நாற்காலியில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. துணைக்கு வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார்.

அலுவலர் மனுவைத் திருப்பி என் பக்கம் வைத்தார். "இது உங்க கையெழுத்தாம்மா?"

"இல்லீங்க."

"நல்லாப் பார்த்துச் சொல்லுங்க."

"என்னுதில்லீங்க."

அப்படியானால் அதை எழுதிக் கொடுங்கள் என்று ஒரு தாளைக் கொடுத்தார்கள். வக்கீல் ஒருவர் வாசகத்தைச் சொல்லச் சொல்ல எழுதினேன். மேற்படி கையெழுத்து என்னுடையது அல்ல. கீழே கையெழுத்துப் போட வேண்டிய இடம் வந்தபோதுதான் எனக்கு உறைத்தது. மாற்றிப் போட நினைத்தேன். கை கேட்கவில்லை. அதற்குத் தெரிந்தது ஒன்றுதான். கடைசி எழுத்தைச் சுழித்து, அடியில் கோடு இழுத்தது.

அலுவலர் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்த அறையில் கண் இருந்த எல்லோருக்கும் தெரிந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அப்போது பக்கவாட்டில் அக்காவின் கை பைக்குள் போவதைக் கண்டேன். நான் கையெழுத்திட்ட சீட்டுகளையெல்லாம் அவர் உரித்தெடுத்து ஒரு ஃபைலில் ஒட்டி வைத்திருந்தார், எப்போதும் கூடவே கொண்டுவருவார். அதை எடுத்து மேஜையில் வைத்தால் போதும், நான் பொய் சொல்கிறேன் என்று அங்கேயே நிரூபித்துவிடலாம். அவர் மனு பிழைத்திருக்கும். பொய்யாக எழுதிக் கொடுத்ததற்கு நான் போலீஸ், கோர்ட் என்று அலைந்திருப்பேன்.

கை கொஞ்ச நேரம் பைக்குள்ளேயே இருந்தது. பிறகு வெறுமனே வெளியே வந்து பையின் ஜிப்பை இழுத்து மூடியது.

"நீங்க ஏதாவது சொல்றீங்களா?" என்று அலுவலர் அவரைக் கேட்டார்.

"ஒண்ணுமில்லை சார்" என்றார் அக்கா.

எதிரே நின்று நானே இல்லை என்று சொல்லும்போது அலுவலர் மட்டும் என்ன செய்வார்? மனு தள்ளுபடி ஆனது. நான் வீடு வந்து சேர்வதற்குள் குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. மகள் எல்லாப் பாத்திரத்திலும் பிடித்து வைத்திருந்தாள்.

ஓட்டுப் போடப் போனேன். இயந்திரத்தில் வரிசையாகச் சின்னங்கள் இருந்தன, கிணறு இல்லை. எதையோ அழுத்திவிட்டு வந்தேன். அந்தப் பெரியப்பா மகனின் கட்சி எங்கள் தொகுதியில் தோற்றுப்போனது. எங்கள் ஓடையோரத்துப் பூத்தின் கணக்கில் இரண்டு பெரிய கட்சிக்கும் ஓட்டு விழுந்திருக்கிறது, இந்தத் தண்ணீர் வேண்டாம் என்று ஒருவரும் சொன்னதாக எங்கும் இல்லை. ஜெயித்தவர் நன்றி சொல்ல வந்தபோது மூக்கைப் பொத்திக்கொண்டுதான் ஓடைப் பாலத்தைத் தாண்டினார்.

மூன்று மாதம் கழித்து ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. அக்கா வரமாட்டார் என்றுதான் நினைத்திருந்தேன். போய்க் கேட்டைத் திறந்தேன். அவர் எப்போதும்போலக் கிணற்றுக்குப் போனார், கயிற்றில் பாட்டிலைக் கட்டி இறக்கினார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "சாயம் கூடியிருக்கு" என்றார். சீட்டில் தேதி எழுதினார். ஆழம் எழுதினார். நான் பக்கத்தில் போய் நின்றேன். அவர் பேனாவை மூடிப் பையில் போட்டார்.

"அக்கா, கையெழுத்துப் போடறனுங்க" என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"வேண்டாம்மா" என்றார். "உங்களுக்குத் தண்ணி வரணும்."

கையெழுத்து இல்லாத பாட்டிலைப் பையில் வைத்துக்கொண்டு ஸ்கூட்டரைக் கிளப்பினார்.