ரெண்டு மூடி நீலம்

மேல பறக்கப்போற கேமராவுக்கு கீழ துணி விரிக்கிறது என் வேலைங்க. கேட்டா சிரிப்பு வரும், செஞ்சி பாத்தா நின்னுடும். அடுத்தவங்க சாமானுக்குப் பொறுப்பா நின்னு மாட்டிக்கினவங்க யாராச்சும் இத படிச்சா, நீங்க நம்ம கட்சி.

எங்க ரோடு

நான் அஞ்சாவதோட நின்னவன். பெங்களூர்லேர்ந்து கல்பனா மேடம் வந்து என்னிய வேலைக்கு வெச்சாங்க. சேட்லைட்டுல ஏத்த ஒரு கேமரா செய்றாங்க, அதுக்கு அவங்கதான் மேனேஜர். காடு காயுதா, ஏரில தண்ணி நிக்குதான்னு மேலேர்ந்து பாக்குற கேமரா. சேட்லைட்டுல எடம் ஒன்னுதான். இன்னொரு கூட்டமும் அதே எடத்துக்கு வேற கேமரா செய்றாங்க. எது சரியா பாக்குதோ அதுதான் ஏறும்.

அதுக்கு மொதல்ல கேமராவ விமானத்துல கட்டி, காவலூர் பக்கத்துல ஒரு கொல்லைக்கு மேல ஓட்டுவாங்க. கொல்லையில நாங்க பெரிய வெள்ளைத் துணி ஒன்னு, கறுப்புத் துணி ஒன்னு விரிச்சி வெப்போம். துணி எவ்ளோ வெளுப்புன்னு பெங்களூர்ல அளந்து எழுதியிருக்காங்க. கேமராவும் அதையே சொன்னா பாஸு. இதெல்லாம் நான் கொல்லைக்காரரு கோவிந்தங்கிட்ட பெருமையா சொன்னேன். சாமை அறுத்த கட்டைய மிதிச்சிக்கினே கேட்டாரு: "ஏம்பா ஏழுமலை, அம்மாம் ஒசரத்துலேர்ந்து ஏரித் தண்ணி தெரியுதுன்ற, மழைக்கு அறுத்துக்கினு போன எங்க ரோடு மட்டும் தெரியலியா?"

வெளுப்பு

விமானம் வர்றதுக்கு மூனு நாள் முன்னாடி துணிய விரிச்சி ஒத்திகை பாத்தோம். நான் டீ குடிக்கப் போன நேரத்துல கோவிந்தன் மாடு வெள்ளைத் துணி மேல நடந்து, நடுவுல சாணியும் போட்டுட்டுப் போய்டுச்சி. மேடம் பெங்களூர்ல இருக்காங்க. போன் பண்ணி சொல்லியிருக்கலாம். டீக்கடைல இருந்தேன்னு எந்த வாயால சொல்றது?

நானும் எம் பொண்டாட்டி சாந்தியும் துணிய ஓடைக்குத் தூக்கினு போனோம். சோப்புத் தூள் போட்டுக் கசக்கி, கடைசியா டிரம்முல தண்ணி புடிச்சி ரெண்டு மூடி சொட்டு நீலம் ஊத்தி முக்கி எடுத்தோம். பாறை மேல காயப் போட்டா கண்ணு கூசுது. சாந்தி இடுப்புல கை வெச்சிக்கினு பாத்துட்டு சொன்னா: "நம்ம கல்யாண வேட்டிகூட இப்டி வெளுத்ததில்ல மாமா."

நாலு நிமிசம்

விமானம் வந்துச்சி. துணி மேல நெழலு விழக் கூடாதுன்னு எல்லாரையும் வேலியோரம் நிக்க வெச்சாங்க. மேடம் மட்டும் கைய கட்டிக்கினு, பரீட்சை எழுதுற புள்ளையோட அம்மா மாதிரி நின்னாங்க. நாலே நிமிசம், போய்டுச்சி. ஜீப் டிரைவர் பாஷா பாய் கழுத்த தடவிக்கினே சொன்னாரு: "கல்யாணத்துல போட்டோ புடிக்கிறவன்கூட ஒரு தடவ சிரிக்க சொல்வான்பா."

பொய் சொல்லுது

அப்புறம்தான் ஆரம்பிச்சிது. கேமரா எல்லா நெறத்தையும் சரியா சொல்லுதாம், நீலத்துல மட்டும் எக்கச்சக்கமா காட்டுதாம். கண்ணாடிய மாத்துனாங்க, கழட்டி மாட்டுனாங்க, திரும்பத் திரும்ப விமானத்துல ஓட்டுனாங்க. அதே தப்பு. துணிய இங்கயே அளக்குற மீட்டரு ரிப்பேருக்குப் போயிருந்துச்சி. துணிய யாரும் சந்தேகப்படல, எழுதி வெச்ச கணக்கு இருக்கே.

நீலம்னு காதுல விழுந்தப்பவே டிரம்முல ஊத்துன ரெண்டு மூடி ஞாபகம் வந்துச்சி, கேமரா பாத்தது அதத்தான். வேலை போய்டுமேன்னு பயந்துக்கினு மறைச்சிட்டேன். மேடம் கட்டிக்கினு வந்த சோத்த தொறக்காமலே திரும்ப எடுத்துக்கினு போறத விமானம் ஓட்டுன நாளெல்லாம் பாத்தேன். அவங்க கூட வந்த இன்ஜினியர் தினேஷ் தம்பி எங்கிட்ட மெதுவா சொன்னாரு: "எடம் யாருக்குன்னு அடுத்த மாசம் மீட்டிங்குண்ணே. எடம் போச்சின்னா அவங்க எட்டு வருச வேலையும் பொட்டிக்குள்ள போய்டும்."

மூடி

மீட்டிங் முடிஞ்சிது. எடம் அந்த இன்னொரு கூட்டத்துக்குப் போய்டுச்சி. நம்ம கேமராவ நம்ப முடியாதுன்னுட்டாங்களாம். மேடம் துணியெல்லாம் எடுத்துக்கினு போக வந்தாங்க. வெள்ளைத் துணிய ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் புடிச்சி மடிக்கிறோம். மடிச்சிக்கினே கிட்ட வந்தப்ப சொல்ட்டேன். மாடு, சாணி, ஓடை, எல்லாத்தையும்.

அவங்க கத்தல. ஜீப்பு படியில ஒக்காந்தாங்க. நோட்ட எடுத்தாங்க.

"எத்தன மூடி ஊத்துனீங்க?"

"ரெண்டு மேடம்."

"சோப்புத் தூள் எவ்ளோ?"

"ஒரு பாக்கெட்டு."

எழுதுனாங்க. அப்புறம் நோட்ட மூடிட்டு சொன்னாங்க: "போன மாசம் சொல்லியிருந்தா உங்கள நல்லா திட்டியிருப்பேன் ஏழுமலை. அவ்ளோதான் நடந்திருக்கும்."

வேலைக்கு வந்த இத்தினி நாள்ல பொய்யே சொல்லாம இருந்தது அந்த கேமரா ஒன்னுதாங்க, அதத்தான் பொய்யின்னு சொல்லி மூட்ட கட்டி அனுப்பிச்சோம்.