குரல் போன மேஸ்திரி

கர்த்தருக்குள் அன்பானவர்களே, என் தொண்டையிலிருந்து இப்போது காற்றுதான் வரும். ஆகையால் இந்தச் சாட்சியை எழுதிக் கொடுக்கிறேன். வாசிக்கிறவர் என் பங்குக்கும் சேர்த்து உரக்க வாசிக்கட்டும்.

எழுபதுகளின் கடைசியில் மதுரையில் ஒரு நூற்பாலையில் மேஸ்திரியாக இருந்தேன். நான் கத்தினால் திருப்பரங்குன்றத்து மலையே அதிரும் என்பது என் நினைப்பு. சரித்திரப் பாடத்தில் குதிரைமேலிருந்து முழங்கிய தளபதிகளைப் படித்தவன் அல்லவா! தலைமை என்றால் தொண்டை என்றே இருந்தேன்.

அந்தத் தொண்டையில்தான் கட்டி வந்தது. ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில் ஆபரேஷன். உயிர் தங்கும், குரல் தங்காது என்றார் டாக்டர். என் மனைவி எஸ்தர் கைக்குழந்தையோடு ஆஸ்பத்திரித் தரையில் உட்கார்ந்து அழுதாள். "ஆண்டவரே, குரலை மட்டும் எடுக்காதேயும்" என்று ஜெபித்தேன். எடுத்துவிட்டார். ஈஸ்டர் ஆராதனையில் எல்லோரும் பாட, நான் பஞ்சரான சைக்கிள் டியூப் போல உஸ்ஸென்றேன். எனக்கே சிரிப்பு வந்தது. சிரித்தபடியே அழுதேன்.

வேலைக்குத் திரும்பியதும் மேனேஜர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "ஒரு வாரம் பாப்போம். ஷிப்ட்டை நடத்த முடியலேன்னா கேட்ல வாட்ச்மேனா உக்காந்துக்கங்க."

முதல் நாளே இழை அறுந்து ஒரு மெஷின் நின்றது. ஓடினேன். வாயைத் திறந்தேன். காற்று. பஞ்சுக் கோடவுனுக்குள் போய் முழங்காலிட்டேன். இந்த ஜனங்களை இனி எப்படி நடத்துவேன் ஆண்டவரே? உதடு மட்டும் அசைந்தது.

எழுந்தால் எதிரே காதர் பாய். கோரிப்பாளையத்துக்காரர், எங்கள் ஷிப்ட்டில் மூத்த தொழிலாளி.

"ஏண்ணே அழுகுறீங்க?"

தொண்டையைத் தொட்டுக் காட்டினேன். மனுஷன் சிரித்துவிட்டார்.

"அட போங்கண்ணே! அம்புட்டு மெஷினு இரைச்சல்ல நீங்க கத்துனது எவனுக்குக் கேட்டுச்சு? உங்க வாய் தவளை மாதிரி தொறந்து தொறந்து மூடும். நாங்க பாட்டுக்குக் கையைக் காட்டிப் பேசிக்குவோம்."

'அப்ப நான் எதுக்கு?' என்று உதட்டை அசைத்தேன். ஆலை இரைச்சலில் பழகிய பாய் கண்ணாலேயே அதைக் கேட்டுக்கொண்டார்.

"மெஷின் நின்னா மொத ஆளா ஓடியாரது யாரு? அதப் பாத்துத்தானே நாங்களும் ஓடியாரோம். வாங்க, கைப்பாஷை சொல்லித் தாரேன்."

இழை அறுந்தால் இரண்டு விரலை முறுக்க வேண்டும். நிறுத்து என்றால் உள்ளங்கை. விரல்களைக் குவித்துத் திறந்து மூடினால்? அது நான்தானாம். 'வாய் வருது, உஷார்!' என்று அர்த்தம். அந்த வாரக் கடைசியில் மேனேஜர் வந்து ஒரு மூலையில் நின்று பார்த்தார். தலையை ஆட்டிவிட்டுப் போனார். நான் மேஸ்திரியாகவே நீடித்தேன்.

யுத்தத்தின்போது மலையுச்சியில் மோசே கைகளைத்தான் உயர்த்தி நின்றார்; கை உயர்ந்திருக்கும்வரை அவர் ஜனம் ஜெயித்தது. கை சோர்ந்தபோது இரண்டு பேர் தாங்கினார்கள். வேதத்தில் அதை எத்தனையோ தடவை வாசித்தவன்தான்; ஆனாலும் கோடவுனில்தான் விளங்கியது.

குரல் திரும்பவில்லை. அன்று கைக்குழந்தையாயிருந்த என் மகள் என் குரலை அறியாமலே வளர்ந்தாள். அது இன்றைக்கும் வலிக்கிறது. ஆனால் தூரத்திலிருந்து என்னைக் கூப்பிட வேண்டுமானால் விரல்களைக் குவித்துத் திறந்து மூடுவாள்.

பொறுப்புகளைச் சுமக்கிற பிரியமானவர்களே, கேட்டது கிடைக்காத நாளிலும் ஜெபத்தை விட்டுவிடாதீர்கள். உங்கள் கையைத் தாங்க ஆண்டவர் யாரை அனுப்பியிருக்கிறார் என்று திரும்பிப் பாருங்கள். ஞாயிறுதோறும் பாட்டு வேளையில் என் வாய் தவளை மாதிரி திறந்து மூடும். பார்த்தால் சிரித்துக்கொள்ளுங்கள். பஞ்சுப் பொதிகளுக்கு நடுவே வராத குரலைக் கேட்ட ஆண்டவருக்கு அதுவும் கேட்கும்.