அண்ணனுக்கு எல்லாம் நார்மல்

என் அண்ணனின் கழுத்து வெட்டி வெட்டி இழுக்கும். தொண்டைக்குள்ளிருந்து நாய் குரைப்பதுபோல ஒரு சத்தம் வரும். எழுபதுகளின் கடைசியில், மலேசியாவில் செமோர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்து வீட்டில் இருந்தோம். முனி பிடித்திருக்கிறது என்றார்கள். அதில் ஒரு நன்மையும் இருந்தது: முனி பிடித்த பிள்ளையை யாரும் அடிக்க மாட்டார்கள். பால்மரம் வெட்டிப் பாலெடுத்துவிட்டு வரும் அப்பா, அவன் நெற்றியில் திருநீறு பூசிவிட்டுத்தான் சோற்றில் கை வைப்பார்.

தோட்டத்து மருந்தகத்து டிரெசர்தான் அவனை ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். என்னையும் கூட்டிப்போனார்கள். ரத்தம் எடுத்தார்கள். தலை முழுக்க வயர் ஒட்டி, மூளை வேலை செய்வதைக் காகிதத்தில் கோடு கோடாக எடுத்தார்கள். அண்ணன் பயத்தில் அப்பாவின் சட்டையை விடவே இல்லை.

முடிவு கேட்க மறுபடி போனபோது டாக்டர், "எல்லாம் நார்மல்" என்றார். அதற்கு மேலும் மலாயில் ஏதோ சொன்னார். அப்பா அந்த ஒரு சொல்லோடு எழுந்துவிட்டார். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு என்று அம்மா கும்பிட்டாள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அண்ணனின் கழுத்து இழுத்தது.

"டாக்டரே நார்மல்னுட்டாரு லா. அப்ப இவ்ளோ நாளா நடிச்சியாடா?"

அன்றுதான் அவன்மேல் அப்பாவின் முதல் ரோத்தான் பிரம்படி விழுந்தது. பள்ளிக்கூடத்திலும் அப்பாவே போய், கொழுப்புதான், அடியுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தார். சத்தத்தை அடக்க அண்ணன் உதட்டைக் கடிப்பான், ரத்தம் வரும். அடக்க அடக்க, பிறகு இன்னும் பெரிதாக வெடிக்கும். அதற்கும் அடி.

வெகுகாலம் கழித்து ஒரு டாக்டர் எனக்கு விளக்கினார். அந்தச் சோதனைகள் வேறு நோய் இல்லையென்று பார்ப்பதற்குத்தானாம். இந்த நோய் ரத்தத்திலும் தெரியாது, கோட்டிலும் தெரியாது. பிள்ளையை உட்கார வைத்துப் பார்த்து, அவனிடமே கேட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டுமாம். என் அண்ணனிடம் யார் என்ன கேட்டார்கள்?

அடி விழத் தொடங்கிய அந்த வருஷம் மாரியம்மன் திருவிழாவுக்கு அம்மாவோடு கிளம்பிக்கொண்டிருந்தேன். அண்ணன் என்னைத் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் கூப்பிட்டான்.

"சாமிகிட்ட எனக்காக ஒன்னு கேளு."

"ஒனக்கு நல்லாயிடணும்னா?"

"இல்ல. அடுத்த தடவ டெஸ்ட் எடுத்தா, எனக்கு ஏதாச்சும் பெரிய வியாதி இருக்குன்னு வரணும்."