தொடாமல் திறக்க வேண்டும்

திருகோணமலைத் துறைமுக வாசலுக்கு எதிரே கணினிக் கடை வைத்திருந்தவர் கட்டையான மனிதர். மூக்குக் கண்ணாடியின் ஒரு காலை நூலால் கட்டியிருப்பார். செய்து முடித்த சிடியைக் கணினிப் பெட்டிக்குள் தள்ளியதும் கைகளைப் பின்னால் கட்டிக்கொள்வார். அதில் உள்ளது தானாகத் திறந்தால்தான் ஆளிடம் கொடுப்பார்.

நான் அப்போது துறைமுகத்தில் மூட்டை தூக்கினேன். மாதக்கணக்காக ஊருக்குப் போகாததால், திரியாயில் இருந்த அப்பா நான் செத்துவிட்டதாக நம்பத் தொடங்கியிருந்தார். காது கேட்காதவருக்குத் தொலைபேசி உதவாது. படம் அனுப்பினால் பழையது என்பார்.

"அங்க கொம்பியூட்டர் தெரிஞ்ச ஆள் இருக்கோ?" என்று கடைக்காரர் கேட்டார்.

"பக்கத்து வீட்டில ஒண்டு கிடக்கு. ஓன் பண்ணுவினம். அதுக்கு மேல ஏலாது."

"சிடியைத் தள்ளுவினமோ?"

"ஓம்."

"அப்ப அதுவே காணும்."

வாய் அசைவதை அப்பா கண்ணால் பார்க்கட்டும் என்று, நான் பேசுவதைக் கமராவில் பிடித்தார். சிடி உள்ளே போனதும் எதைத் திறக்க வேண்டும் என்று பெட்டிக்குச் சொல்லும் சின்னக் கோப்பு ஒன்றையும் எழுதிச் சேர்த்தார். தள்ளிவிட்டுக் கையைக் கட்டினார். ஒன்றும் நடக்கவில்லை.

"பட்டனை அமத்தினா வரும்தானே அண்ணை?"

"உங்கட அப்பா எதை அமத்துவார்?"

அந்தக் கோப்பை வெளியே வைக்காமல் கோப்புறைக்குள் வைத்துவிட்டாராம். சிடியை முறித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதினார். இம்முறை என் முகம் தானாக வந்து பேசியது. சிடியின் மேல், 'தள்ளிப்போட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கோ' என்று எழுதிக் கொடுத்தார். அதை ஊருக்கு அனுப்பினேன்.

பிறகு ஊருக்குப் போனபோது அப்பா சொன்னார்: "கையைக் கட்டிக்கொண்டுதான் நிண்டனான். நீ வந்திட்டாய்."

இதைச் சொல்லவே கடைக்குத் திரும்பினேன். அவர் வேறொரு சிடிக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அது திறக்கும்வரை நானும் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.